முதல் வீட்டுத் தண்ணீர்

எங்கள் காலனிக்குள் நுழைந்த எந்த மனிதரும் அவள் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் இரண்டாவது வீட்டைப் பார்த்தது கிடையாது. தபால்காரர், சிலிண்டர் போடுகிற பையன், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள், சொட்டு மருந்து நர்ஸ், கம்பெனி கேட் என்று நினைத்து லாரியை எங்கள் சந்துக்குள் விட்டு மாட்டிக்கொண்ட இந்திக்கார டிரைவர், எல்லோருக்கும் அதே உபசாரம்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு ரோடு போகிறது. அந்த ரோட்டிலிருந்து காலனிக்கு இறங்குகிற இடத்தில் முதல் வீடு அவளுடையது. அதனால் அவளுக்குப் பெயரே மொத ஊட்டக்கா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும், நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வந்தவர் வாயைத் திறப்பதற்குள் சொம்பு நீண்டுவிடும். "மொதல்ல தொண்டைய நனைச்சிக்கோ. அப்பறமா வந்த சேதிய சொல்லு" என்பாள். சண்டைக்கு வந்தவருக்கும் இதேதான். ஒரு தடவை ஊருக்குள்ளிருந்து ஒருவர் கையில் கழியோடு வந்தார். எங்கள் காலனி ஆடு அவருடைய நாற்றங்காலை மேய்ந்துவிட்டதாம். அவர் வாயில் வராத வார்த்தை இல்லை. அக்கா சொம்பை நீட்டினாள்.

"இப்பத்தான் குடிச்சேன்" என்று முறைத்தார் அவர்.

அவள் கையை மடக்கவில்லை. "குடிச்சிட்டுத் திட்டு நைனா. வெயில்ல இம்மாந்தூரம் நடந்து வந்துகீற. பாதில தொண்ட கட்டிகினா மீதிய யாரு திட்டுவா?"

சுற்றி நின்ற நாங்கள் சிரித்துவிட்டோம். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சொம்பை வாங்கினார். உண்மையாகவே குடித்தாரா, அண்ணாந்து குடிப்பதுபோல் சரித்து வாய்க்கு வெளியே விட்டாரா என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு உண்டு. அக்கா மட்டும் குடித்தார் என்றே சாதிப்பாள்.

எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலனிக்கு இருப்பது ஒரே ஒரு அடிபம்பு. அதில் அடிக்கும்போது தண்ணீர் பளிச்சென்றுதான் வரும். குடத்தில் வைத்த ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகும். சாயங்காலத்துக்குள் மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஏடு படியும். சோறு வடித்தால் சோறும் மஞ்சள். டீ போட்டால் பால் திரிந்து போகும். எங்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தே எந்தக் காலனி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். பின்னால் கம்பெனிச் சுவர், முன்னால் லாரி ரோடு, பக்கத்தில் கம்பெனிகளின் கழிவுக் கால்வாய். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் எங்களுக்குப் பட்டா கொடுத்திருக்கிறார்கள். வேறு எங்கே போவது? வாடகைக்குப் போக வக்கில்லை, விற்றுவிட்டுப் போகலாம் என்றால் இந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு எவன் வாங்குவான்? குடிக்க மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை டேங்கர் லாரி வரும். வீட்டுக்கு மூன்று குடம் கிடைக்கும். லாரி வராத நாளில் முப்பத்தைந்து ரூபாய் கொடுத்துக் கேன் வாங்க வேண்டும். கையில் இல்லாதவர்கள் பம்புத் தண்ணீரையே துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும்.

அந்த மூன்று குடத்தில் இரண்டு குடத்தை அவள் வருகிறவர்களுக்கென்று வைத்துவிடுவாள். எவர்சில்வர் குடம், மேலே தட்டு, தட்டின் மேல் கவிழ்த்த சொம்பு. அவளும் அவள் புருஷனும் பிளாஸ்டிக் குடத்திலிருந்த பம்புத் தண்ணீரைத்தான் பாதி நாள் குடித்தார்கள். அந்த மனுஷன் இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றிவிட்டுக் காய்ந்து போய் வருவார். எவர்சில்வர் குடத்தின் பக்கம் கை போனால், "அது வர்றவங்களுக்கு" என்பாள். அவரும் கையை இழுத்துக்கொள்வார்.

எனக்கு வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். கண் முன்னால் அநியாயம் நடந்தால் கேட்டுவிடுவேன். "ஏங்கா, கட்டுன புருஷனுக்கு மஞ்சத் தண்ணி, போற வர்றவனுக்கெல்லாம் லாரித் தண்ணியா? உனக்கு மூள கீதா, இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவள் பஞ்சாயத்தில் குப்பை அள்ளுகிற வேலையில் இருந்தாள். பச்சைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"முன்ன ஒருக்கா கணக்கெடுக்க ஒரு அம்மா வந்துச்சு. நல்ல பொடவ, கண்ணாடி. வேர்த்து ஊத்திகினு வந்துச்சு. தண்ணி குடுத்தேன். ஒரு வாய் வெச்சிச்சு. வெச்சிட்டு ஓரமாப் போயி துப்பிடிச்சு. ஒரு வார்த்த பேசல. வாயத் தொடச்சிகினு பேரக் கேட்டு எழுதிகினு போயிடிச்சு."

"தண்ணி அந்த லட்சணத்துல இருந்தா துப்பாம இன்னா பண்ணுவா?"

"அதாண்டி எனக்குத் தெரில. தண்ணிக்குத் துப்புனாளா, எனக்குத் துப்புனாளா? கூப்ட்டு கேக்க முடியுமா? ஒரு வாரம் எனக்கு சோறு எறங்கல. அப்பறம்தான் நல்ல தண்ணியா வெக்க ஆரம்பிச்சேன். இனிமே எவளாச்சும் துப்புனா எதுக்குத் துப்புறான்னு எனக்குத் தெரிஞ்சிடும்ல?"

ஊருக்குள்ளிருந்து வருகிறவர்கள் எங்கள் வீடுகளில் தண்ணீர் குடிக்காமலிருக்க எப்போதும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். அந்தக் காரணங்களில் ஒன்றையாவது அவள் தன் செலவில் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

இவ்வளவு நல்லவள்தான் எங்களை மாட்டிவிட்டாள்.

ஒரு சித்திரை மாத மதியம், குடிநீர் ஆபீஸிலிருந்து ஒரு இளைஞர் பைக்கில் வந்தார். ஒல்லியாக, மூக்கெல்லாம் வேர்த்துப்போய் இருந்தார் என்று அக்கா சொல்வாள். நாங்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தோம். அவள் காலையிலேயே குப்பை வண்டி வேலையை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வழக்கம்போல் சொம்பு நீண்டது. அவர் இரண்டு சொம்பு குடித்தாராம். பிறகு ஒரு பாட்டிலைக் கொடுத்து, "அந்த பம்புல அஞ்சு நிமிஷம் அடிச்சு விட்டுட்டு, அப்பறமா இதுல புடிச்சு வைங்கம்மா. நான் பக்கத்துக் காலனிக்குப் போய்ட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்றிருக்கிறார். பாட்டிலை அவர் யார் கையிலும் கொடுக்கக்கூடாது, தானே பிடிக்க வேண்டும் என்பதுதான் விதி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இரண்டு சொம்புத் தண்ணீர் கொடுத்தவளை நம்பிவிட்டார்.

அக்கா அந்தப் பாட்டிலைச் சுடுதண்ணீரில் மூன்று தடவை கழுவினாள். வெயிலில் கவிழ்த்து உலர்த்தினாள். அன்றைக்கு லாரி வரவில்லை. புதுக் கேன் ஒன்று வாங்கி, மூடியை உடைத்து, அந்தத் தண்ணீரைப் பாட்டில் நிறைய ஊற்றி வைத்தாள். அவர் திரும்பி வந்து சீட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து ஒரு பெயிண்டர் வந்து அடிபம்புக்கு நீலப் பெயிண்ட் அடித்து, 'குடிக்க உகந்தது' என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து டேங்கர் லாரி நின்றது. நல்ல தண்ணீர் இருக்கிற காலனிக்கு லாரி எதற்கு?

அந்தக் கோடையையும் அதற்குப் பின்னால் வந்த மாதங்களையும் நாங்கள் எப்படிக் கடந்தோம் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஆறேழு மாதம் பேஜாரோ பேஜார். என் சின்னவன் வாரம் ஒரு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். டாக்டர், "தண்ணிய மாத்துங்கம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மாற்றுவதற்கு அது என்ன சட்டையா? நான் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் கான்ட்ராக்டில் இருக்கிறேன். பத்தாவது பாஸ். காலனியில் மனு எழுதுவதென்றால் என்னிடம்தான் வருவார்கள். திங்கட்கிழமை தோறும் சம்பளத்தை விட்டுவிட்டுத் திருவள்ளூர் போய் மனு கொடுத்தேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். "ரிப்போர்ட்ல தண்ணி நல்லா இருக்கேம்மா." குடத்தைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். "இது உங்க பம்புத் தண்ணின்னு எப்படி நம்பறது?" என்றார்கள். பம்பை வந்து பாருங்கள் என்றேன். "அதான் பாத்தாச்சே" என்றார்கள். காகிதம் ஒரு தடவை நல்லது என்று சொல்லிவிட்டால், அதைக் கெட்டது என்று சொல்ல வைக்க ஒரு வழியும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொண்டு நின்றேன்.

கம்பெனிக்காரன் காசு கொடுத்து ரிப்போர்ட்டை மாற்றிவிட்டான் என்று நான் முடிவு கட்டினேன். கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று அப்படியே கத்தினேன். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். இல்லை. மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். நூறு பேர் நடுவில் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அக்கா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எப்படியோ அலைந்து அந்த ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன். நேரே அவள் வீட்டுக்குத்தான் போனேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாருக்கா, எல்லாமே நல்லா கீதுன்னு போட்டுக்கீறானுங்க. இது நம்ம பம்புத் தண்ணியே கெடையாது. எவனோ பாட்டில மாத்திட்டான்."

"எந்த பாட்டிலு?"

"சித்திரைல ஒருத்தன் பைக்ல வந்து புடிச்சிகினு போனானாமே, அந்த பாட்டிலு."

முறத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"அது நான் ஊத்துனதுடி. கேன் தண்ணி."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ பாவி! பம்புத் தண்ணியத்தானே கேட்டான்?"

"கேட்டான்தான். டெங்கு வந்தப்ப வந்தாங்கல்ல? டிரம்முல டார்ச் அடிச்சுப் பாத்து, புழு நெளியிது, நீங்கல்லாம் மனுசங்களா, இப்பிடித்தான் வெச்சிகினு இருப்பீங்களான்னு கண்டபடி திட்டிட்டு, பேரயும் எழுதிகினு போனாங்கல்ல? அதேமாரி தண்ணிய இல்ல, நம்மளப் பாக்கத்தான் பாட்டிலுன்னு நெனச்சேன். ஆபீசு வரைக்கும் போற பாட்டில்ல மஞ்சத் தண்ணிய ஊத்திக் குடுப்பனா? நாலு பேரு நடுவுல அத வெச்சா நம்மள இன்னா நெனப்பாங்க? புதுக் கேனு ஒடச்சு ஊத்துனேண்டி."

அதில் அவளுக்கு அப்போதும் கொஞ்சம் பெருமை இருந்தது. அதுதான் என்னைக் கொளுத்திவிட்டது. என் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும், நான் நூறு பேர் நடுவில் கைகூப்பியதும் ஒன்றாக வந்தன. என்ன சொன்னேன் என்று முழுக்க எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "உன் பவுசுக்கு எங்க கொழந்தைங்களக் கொன்னுட்டியேடி" என்று 'அக்கா'வை விட்டு 'டி' போட்டுப் பேசினேன் என்பது வரை சொல்லலாம். அவள் எவர்சில்வர் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு என் முன்னால் வைத்தாள். நான் அதைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் குடிநீர் ஆபீஸில் போய் விஷயத்தைச் சொன்னேன். அங்கிருந்த கிளார்க் நல்ல மனுஷன். "அட, இவ்ளோதானா? தவறுதலா வேற தண்ணியக் குடுத்துட்டேன்னு அந்தம்மாகிட்ட ஒரு லெட்டர் எழுதி வாங்கிட்டு வாங்க. மறுபடியும் எடுத்துடலாம்" என்றார்.

அவளிடம் வந்து சொன்னேன். "எழுதுடி, போட்றேன்" என்றாள் உடனே. கொஞ்சம் யோசித்து, "நல்லதுக்குத்தான் குடுத்தேன்னு ஒரு வரி மட்டும் சேத்துக்கோ" என்றாள்.

என் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். 'தவறுதலாக' என்று ஆரம்பித்தேன். பேனா ஓடவில்லை. தவறுதலாக என்று எழுதினால் இதையும் ஒரு மூலையில் கட்டிப் போட்டுவிடுவார்கள், அழுத்தமாக எழுதினால்தான் உறைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குக் கோபம். அவ்வளவுதான் காரணம். 'நான் வேண்டுமென்றே அதிகாரியை ஏமாற்றி, பம்புத் தண்ணீருக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய தண்ணீரைக் கொடுத்துவிட்டேன்' என்று எழுதினேன். அவள் கேட்ட வரியைச் சேர்க்கவில்லை.

"இன்னா எழுதிகீற?" என்று கேட்டாள்.

"நீ சொன்னதத்தான்."

அவளுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரத்தில் அதே இளைஞர் வந்தார், இந்தத் தடவை ஜீப்பில், டிரைவரோடு. காலனிப் பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் காத்திருந்தோம். ஜீப் முதல் வீட்டில் நிற்கவில்லை, நேரே பம்புக்குப் போனது. அக்கா சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். அவர் இறங்கியதும் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. உங்களால எனக்கு மெமோ குடுத்துருக்காங்க. நீங்க குடுக்கறது எந்தத் தண்ணின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் அத்தனை பேர் நடுவில்தான் சொன்னார். அவள் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். அவர் தானே பம்பு அடித்தார், தானே பாட்டிலில் பிடித்தார், மூடினார், சீட்டு ஒட்டினார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, அக்கா சொம்பிலிருந்த தண்ணீரைப் பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையின் டம்ளரில் ஊற்றிவிட்டுப் பம்புக்குப் போனாள். ஓங்கி ஓங்கி அடித்தாள். சொம்பு நிறைய அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், உங்க கண்ணு முன்னால அடிச்சேன். இது எங்க தண்ணி. இப்ப தெரிதுல்ல எந்தத் தண்ணின்னு? குடிங்க."

அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஆறேழு மாதமாக நான் பண்ண நினைத்ததை அவள் பண்ணிவிட்டாள். குடிடா, ஒரு வாய் குடித்துப் பார் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் முகங்களை ஒரு தடவை பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. வீம்போ, வெட்கமோ, சொம்பை வாங்கிவிட்டார். தூக்கி வாயில் வைத்துவிட்டார்.

அக்கா பாய்ந்து சொம்பைத் தட்டிவிட்டாள். அது பம்பு மேடையில் விழுந்து உருண்டது. "வாணாம் சார்! முழுங்காத! துப்பிடு சார், துப்பிடு!" என்று அவர் சட்டையைப் பிடித்துக் குலுக்கினாள். கத்தலைக் கேட்டு டிரைவர் ஓடி வந்தார். அந்த இளைஞர் துப்பினார். சட்டையெல்லாம் நனைந்துபோய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

"கெடுத்தியே காரியத்த!" என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

"மனுசன் வாயில எப்பிடிடி அத ஊத்துவாங்க?" என்றாள். காரியம் ஒன்றும் கெடவில்லை. பாட்டில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் அதே பெயிண்டர் வந்து நீலத்தின் மேல் சிவப்பு அடித்தார். 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதினார். டேங்கர் லாரி மறுபடி வந்தது. இன்றைக்கும் வருகிறது. குழாய் வரும் வரைக்கும் வரும் என்கிறார்கள், குழாய் எப்போது வரும் என்று ஒருவரும் சொல்வதில்லை. என் சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவது நின்றுவிட்டது.

லாரி வந்த மாதமே அவளைப் பஞ்சாயத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லெட்டரின் ஜெராக்ஸ் ஒன்று பஞ்சாயத்துக்கும் போயிருந்தது, காரணம் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதிகாரியை வேண்டுமென்றே ஏமாற்றினேன் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டவளை எந்த ஆபீஸில் வைத்துக்கொள்வார்கள்? கிளார்க் சொன்னபடி எழுதியிருந்தால் அது சாதாரணக் காகிதம். நான் அதைக் குற்ற ஒப்புதல் ஆக்கியிருந்தேன். போய் உண்மையைச் சொல்லலாம் என்றால், லெட்டரில் இருப்பது பொய் என்றாகும். அப்புறம் இரண்டாவது பரிசோதனையும் செல்லாது என்று சொல்லிவிட்டால்? லாரி நின்றுவிட்டால்? இப்படியொரு சாக்கு எனக்குக் கிடைத்தது. பாதி உண்மைதான், ஆனால் அந்தப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பஞ்சாயத்து ஆபீஸுக்கு நாலு நாள் நடந்தாள். "நீதானம்மா எழுதிக் குடுத்த" என்று அந்த லெட்டரின் ஜெராக்ஸை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்த ஒரு காலை நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தோம்.

"இத கொஞ்சம் படிச்சுக் காட்டுடி. இதுல இன்னா தப்பு கீதுன்னு எனக்குத் தெரியணும்."

என் கையெழுத்து எனக்கே முகத்தில் அறைந்தது. வாயைத் திறந்தேன். "ஐயா, நான் படிப்பு இல்லாதவள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு நல்லதைக் கொடுத்தே பழகியதால், தெரியாமல் நல்ல தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது" என்று சரளமாகப் படித்தேன். காகிதத்தில் இல்லாத எல்லாவற்றையும் படித்தேன்.

அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "நல்லாத்தானே எழுதிகீற. இதுக்குப் போயா வேலய வுட்டு நிறுத்துவாங்க?"

"அதாங்கா எனக்கும் புரியல."

"அந்த நல்லது குடுத்தேன்னு வருதே, அந்த வரிய இன்னொருவாட்டி படி. போய்ச் சொல்றதுக்கு மனசுல ஏத்திக்கிறேன்."

காகிதத்தைப் பார்த்தேன். அதில் வேண்டுமென்றே ஏமாற்றி என்றுதான் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நான் என்ன படித்தேன் என்று எனக்கு நினைவு வரவில்லை. "நல்ல எண்ணத்தில்... விருந்தாளி என்று நினைத்து..." என்று ஏதோ இழுத்தேன்.

"மொதல்ல அப்பிடி வரலியே" என்றாள். "பழக்கத்துலன்னு வந்துச்சு."

"ரெண்டும் ஒண்ணுதாங்கா."

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் கையிலிருந்து அதை வாங்கி நாலாக மடித்தாள். "செரி வுடு, உனக்கும் கண்ணு தெரில போல கீது. பஸ் ஸ்டாண்டாண்ட ஜெராக்ஸ் கடைல ஒரு பொண்ணு கீது, நல்லா படிக்கும். அதுங்கிட்ட குடுத்து ஒருவாட்டி கேட்டுகினு வந்துட்றேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள், செருப்பை மாட்டினாள், ரோட்டில் ஏறி நின்றாள்.

பத்தடி தூரம்தான். "நில்லுக்கா, போகாத, நான் சொல்றேன்" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பாள். இந்த ஜில்லாவில் நான் குரல் கொடுக்காத ஆபீஸ் கிடையாது. பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். அவள் ஊத்துக்கோட்டைப் பக்கம் தன் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தது அதற்கு அடுத்த மாதம். அது வரைக்கும், அந்தப் பெண் என்ன படித்துக் காட்டினாள் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் திரும்பி வரும் வரைக்கும் நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக முடியவில்லை. நான் இருக்கிறேன் என்று அவள் வீட்டைப் பூட்டாமல் போயிருந்தாள்.